நடக்குற பலகை

வாரியத்தில் வருஷம் முடியப்போகிறது என்பது மூட்டைத் தொழிலாளிகளுக்கு முதலில் கழுத்தில்தான் தெரியும். கடைசி மாதம் பிறந்ததும் ஒலிபெருக்கியில் உத்தரவு வந்துவிடும். தினமும் வேலை தொடங்கும் முன் எல்லாரும் கிடங்கு முற்றத்தில் வரிசையாக நின்று பயிற்சி எடுக்க வேண்டும். "பின்னோக்கு!" என்றால் கழுத்தைத் திருப்பிக் கடந்த ஆண்டைப் பார்க்க வேண்டும். "முன்னோக்கு!" என்றால் முகத்தை நேரே கொண்டுவந்து, அளவாகப் புன்னகைத்து, வரும் ஆண்டைப் பார்க்க வேண்டும். கடந்த ஆண்டு இருந்த திசையில் கழிப்பறைச் சுவர் இருந்தது. வரும் ஆண்டு இருந்த திசையில் மேலாளர் அறை இருந்தது.

வருஷக்கணக்கில் மூட்டை சுமந்தவனுக்குக் கழுத்து திரும்பாது. பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் முழு உடம்போடுதான் திரும்புவான், லாரி மாதிரி. அதனால் "பின்னோக்கு" என்றதும் முன்வரிசை அப்படியே உடம்போடு திரும்பிப் பின்வரிசையைப் பார்த்து நின்றது. "முன்னோக்கு" என்றதும் பாதிப்பேர் திரும்பினார்கள். மீதிப்பேர், இப்போதுதானே திரும்பினோம் என்று நின்றுவிட்டார்கள். ஆளுக்கு ஆள் முறைத்துக்கொண்டு அளவாகப் புன்னகைத்தார்கள்.

"உன் மூஞ்சிலதான்யா எனக்கு வர்ற வருஷம் தெரியுது," என்றான் வானொலி. "சுத்தமா நல்லால்ல."

வாய் ஓயாமல் பேசுவதால் அவனுக்கு வானொலி என்று பேர். எதிரே நின்ற மூஞ்சிக்காரன் ஒத்தத்தோள். எல்லா மூட்டையையும் இடது தோளிலேயே வாங்கி வாங்கி அந்தப் பக்கம் சரிந்துபோய், தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ காதில் ரகசியம் சொல்வதைக் கேட்பவன் போல இருப்பான். அவன் பெற்றோர் வைத்த பேர் சம்பளப் பட்டியலில் மட்டும் பிழைத்துக் கிடந்தது.

பயிற்சி நடத்தியவர் நம்பிக்கை அலுவலர். முன்பு அவர் புகார்ப் பிரிவு அலுவலராக இருந்தார். புகார்கள் ஏறிக்கொண்டே போனதால் வாரியம் தீவிர நடவடிக்கையில் இறங்கி, பிரிவின் பெயரை மாற்றியது. மேசை அதே மேசை, ஆட்டம் கொடுக்கும் நாற்காலியும் அதே நாற்காலி. ஆனால் இப்போது அவரிடம் போய் "கூரை ஒழுகுது மேடம்" என்று சொன்னால் வாங்கிக்கொள்ள மாட்டார். "கூரை ஒழுகாதுன்னு நம்புறேன் மேடம்" என்றால் வாங்கிக்கொள்வார். அதையும் கண்ட நேரத்தில் சொல்லக் கூடாது. வருஷக் கடைசியில், பின்னோக்கு முன்னோக்கு விழா மேடையில் ஏறி, ஒலிவாங்கியைப் பிடித்து, ஆளுக்கு ஒரு வாக்கியம் பின்னோக்கியும் ஒரு வாக்கியம் முன்னோக்கியும் சொல்ல வேண்டும். அந்த ஏற்பாட்டுக்குப் பிறகு வாரியத்தில் ஒரு புகார்கூட இல்லை.

ஒத்தத்தோளுக்கு முன்னோக்க ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பலகை.

கிடங்குக்கு இரண்டு பக்கம். வெளியே போகிற சரக்கு ஒரு பக்கம். அதற்கு ஏற்றம் என்று பேர். உள்ளே வருகிற சரக்கு இன்னொரு பக்கம். அதற்கு இறக்கம் என்று பேர். ஏற்றத்தில் மூட்டையைத் தானே கொண்டுபோய்ச் சேர்க்கிற ஓடும் பட்டை போட்டிருந்தார்கள். பெரிய மனிதர்கள் பார்வையிட வந்தால் அந்தப் பக்கம்தான் வருவார்கள். இறக்கத்தில் லாரியின் பின்பக்கத்திலிருந்து தரைக்கு ஒரு மரப்பலகை சாய்த்திருக்கும். மாவு மூட்டையோ சர்க்கரை மூட்டையோ முதுகில் வாங்கிக்கொண்டு அதன் வழியாக நடந்து இறங்க வேண்டும். பலகையின் நடுவில் விரிசல் விழுந்து, கயிறு சுற்றிக் கட்டியிருந்தது. நட்டநடுவில் கால் வைத்தால், வயசாளி உட்கார்ந்து எழுந்திருப்பது போல ஒரு முனகல் கேட்கும்.

சொந்தமாக ஒரு பலகையைக் கொண்டுவந்து போட்டுக்கொள்கிறோம் என்று மேஸ்திரியிடம் கேட்டுப் பார்த்தார்கள்.

"கொண்டாந்து போடு, யாரு வேணாங்கறது?" என்றார் மேஸ்திரி. "ஆனா வாரியத்துப் பலகையில விழுந்தாத்தான் அது விபத்து. உன் சொந்தப் பலகையில விழுந்தா அது உன் சொந்த விஷயம். வைத்தியத்துக்கு ஒரு சல்லி பேராது. எது வசதின்னு பாத்துக்க."

எனவே போன வருஷ விழாவில் ஒத்தத்தோள் மேடையேறி, தெளிவாக, "பலகை ஒடஞ்சிருக்கு, மாத்துவாங்கன்னு நம்புறேன்," என்று சொன்னான். எல்லாரும் கைதட்டினார்கள். வாரியமும் சும்மா இருக்கவில்லை. சில மாதங்களில் பலகையை மாற்றியது. வாசலில் இருந்த பெயர்ப் பலகையை.

புதுப் பெயர்ப் பலகை தேக்கு. உள்ளங்கை தடிமன், ஆள் கைகாலை நீட்டிப் படுக்கிற அகலம். வாரியத்தின் பெயருக்குக் கீழே "நம்பிக்கையே நமது பாதை" என்று எழுதியிருந்தது. வாரியத் தலைவர் வந்து திரையை இழுத்துத் திறந்துவைத்தார். அந்த நேரத்தில் கிடங்கு முழுக்க எல்லாரும், எந்த வேலையில் இருந்தாலும், கைதட்ட வேண்டும் என்று ஒலிபெருக்கி சொன்னது. அப்போது ஒத்தத்தோளின் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, முதுகில் சர்க்கரை மூட்டையோடு இறக்கத்துப் பலகையின் நடுவில் இருந்தான். கீழ்ப்படிதலுள்ள ஆள். கைதட்டினான். மூட்டை சரிந்தது, பலகை முனகியது, அவன் விழுந்து தொடை எலும்பு முறிந்தது.

விசாரணை நடந்தது. பலகையை யாரும் வந்து பார்க்கவில்லை. "தொழிலாளி அளவுக்கு மீறிய உற்சாகத்தால் விழுந்தார்" என்று முடிவாயிற்று. அன்று முதல் கைதட்டலுக்கு அளவு வைத்தார்கள்.

இப்போது மச்சினனுக்கு எலும்பு கூடிவிட்டது. புது வருஷத்தின் முதல் வேலைநாளில் வந்து சேராவிட்டால் பேரை எடுத்துவிடுவோம் என்று வாரியம் சொல்லியனுப்பியிருந்தது. அவனுக்கு இன்னும் ஒரு கால் லேசாக இழுத்தது.

"இதப் பாரு," என்றாள் மனைவி, துணியைப் பிழிந்துகொண்டே. யாரைப் பிழிவதாக நினைத்துக்கொண்டாள் என்பது தெளிவாகத் தெரிந்தது. "என் தம்பி மறுபடி அந்த ஒடஞ்ச பலகையில கால வச்சான்னு கேள்விப்பட்டேன், நீ அப்படியே கிடங்குலயே படுத்துக்க. வீட்டுப் பக்கம் வந்துடாத."

"நான் என்னடி பண்றது? போன வருஷமே சொன்னேன்ல."

"என்னத்தச் சொன்ன? பலகைன்னு மொட்டையாச் சொன்னா எந்தப் பலகைன்னு எடுத்துக்குவாங்க? பள்ளிக்கூடத்துல கரும்பலகைய மாத்தாம விட்டானுங்களே, அது வரைக்கும் சந்தோஷம்."

நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த மச்சினன், "விடு அக்கா," என்றான். "மாமா பேசுனா எதிராளிக்கு வேற என்னமோ கேக்கும். உன்னப் பொண்ணு கேட்டு வந்தப்பவும் அப்படித்தான். அவரு பேசினது நம்ம அப்பாவுக்கு வேலை கேக்குற மாதிரியே கேட்டுச்சு."

"கேட்ட வேல கெடச்சுதுல்ல?" என்றான் ஒத்தத்தோள். "இன்னி வரைக்கும் லீவு இல்லாம பாத்துக்கிட்டிருக்கேன்."

மனைவி ஈரத்துணியை அவன் பக்கம் உதறினாள். பிறகு மூன்று பேரும் உட்கார்ந்து, யாராலும் வேறு மாதிரி எடுத்துக்கொள்ள முடியாத ஒரு வாக்கியத்தைக் கட்டினார்கள். "நாங்க மூட்டையோட நடக்குற மரப்பலகை ஒடஞ்சிருக்கு, புதுசா வேணும்." மனைவி அதை அவனைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் தூங்கப் போனாள்.

விழாவுக்கு முன் ஒத்திகை. மேலாளர் அறைக்கு வெளியே வரிசை. ஒவ்வொருவராக நம்பிக்கை அலுவலர் முன் நின்று தன் வாக்கியங்களைச் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். ஒத்தத்தோளின் முறை வந்தது.

"முதல்ல பின்னோக்கு," என்றார் அலுவலர். "கடந்த வருஷம் உங்களுக்கு எப்படி இருந்தது?"

"வருஷம் பூரா இறக்கம்தாங்க மேடம்."

அலுவலரின் பேனா நின்றது. "என்ன சொன்னீங்க?"

"இறக்கம்ங்க. நடுவுல ஒரு வாரம் ஏத்தத்துக்கு அனுப்பினாங்க. அது நமக்கு ஒத்துவரல. மறுபடி இறக்கத்துக்கே வந்துட்டேன்."

அலுவலர் எழுந்து கதவைச் சாத்தினார். "இந்த வாரியத்துல இறக்கம் கிடையாதுங்க."

"இருக்குங்க மேடம். பின்னால. கழிப்பறைக்கு அடுத்தாப்ல."

"அந்தச் சொல்லைச் சொல்லாதீங்க. தலைவர் மேடையில இருப்பாரு. பத்திரிகைக்காரங்க இருப்பாங்க. ஒரு தொழிலாளி ஒலிவாங்கியைப் பிடிச்சு, வருஷம் பூரா இறக்கம்னு சொன்னா என்ன ஆகும்?"

"அப்ப என்னன்னு சொல்றதுங்க?"

இந்தக் கேள்வி வாரியத் தலைமை அலுவலகம் வரை போனது. ஒரு குழு கூடியது. இறக்கம் என்ற சொல் தொழிலாளர் மனத்தில் சோர்வை விதைப்பதாகக் கண்டுபிடித்து, அந்தப் பக்கத்துக்குக் "கீழ்நோக்கிய ஏற்றம்" என்று பெயர் சூட்டியது. மறுநாளே பெயிண்டர் வந்து எழுதினார். சுவர் குறுகலாக இருந்ததால் "ஏற்றம்" பெரிதாகவும் "கீழ்நோக்கிய" பொடியாகவும் அமைந்தது.

அன்று காலை வந்த சர்க்கரை லாரியை ஒத்தத்தோளும் வானொலியும் மற்றவர்களும் வேர்த்து விறுவிறுத்து இறக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு காலி லாரி அதே இடத்தில் வந்து பின்பக்கம் காட்டி நின்றது.

"அண்ணே, இது இறக்கம்ணே," என்றான் வானொலி.

ஓட்டுநர் சுவரைக் காட்டினார். "கண்ணு தெரியலையா? ஏற்றம்னு எழுதியிருக்கு. ஏத்துங்கய்யா, எனக்கு நேரமாச்சு."

மேஸ்திரி ஓடி வந்து சுவரைப் படித்தார். அவருக்கு ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது. எழுதியிருப்பதற்கு மாறாகப் பேசி அந்தக் கொஞ்ச காலத்தைக் கெடுத்துக்கொள்ள அவர் தயாராயில்லை. "ஏத்துங்கடா," என்றார். காலையில் இறக்கிய சர்க்கரையை எல்லாரும் பலகை வழியாகத் திரும்ப ஏற்றினார்கள். அது எந்த ஊருக்குப் போனது என்று வாரியத்துக்கு இன்று வரை தெரியாது. ஆனால் அந்த வாரம் இறக்கப் பக்கத்தில் கையாண்ட மூட்டைகள் இரண்டு மடங்கானதால், பெயர் மாற்றம் பெரும் வெற்றி என்று அறிக்கை போனது.

ஒத்தத்தோளின் பின்னோக்கு வாக்கியத்தைக் "கடந்த ஆண்டு எனக்குக் கீழ்நோக்கிய ஏற்றமாக அமைந்தது" என்று அலுவலரே திருத்திக் கொடுத்தார். முன்னோக்கு வாக்கியத்தையும் சொல்லச் சொன்னார். அவன் மூச்சு விடாமல் ஒப்பித்தான்.

"நாங்க மூட்டையோட நடக்குற மரப்பலகை ஒடஞ்சிருக்கு, புதுசா வேணும்."

"நல்ல நம்பிக்கை," என்றார் அலுவலர். "சின்னச் சின்னத் திருத்தம்தான். 'ஒடஞ்சிருக்கு' வேண்டாம். அது பின்னோக்கு. முன்னோக்குல பின்னோக்கு வரக் கூடாது."

"சரிங்க."

"'நாங்க'வும் வேண்டாம். 'நாங்க'ன்னு ஆரம்பிச்சா அது கோரிக்கை ஆயிடும். கோரிக்கைக்கு வேற அலுவலர்."

"அவரு எங்கங்க இருக்காரு?"

"அந்தப் பதவி காலியா இருக்கு."

"அப்ப, 'நான் நடக்குற பலகை'ன்னு..."

"தன்னலமாத் தெரியும்." அலுவலர் அதையும் பேனாவால் அடித்தார். "மூட்டை எதுக்கு? விழா மேடையில மூட்டை முடிச்செல்லாம் நல்லா இருக்காது. மரம்னும் சொல்ல வேண்டாம். எதுல செய்யறதுங்கறது கொள்முதல் பிரிவோட உரிமை, அதுல நாம தலையிடக் கூடாது." எல்லாவற்றையும் அடித்துவிட்டு, மீந்ததைப் படித்துக் காட்டினார். "'நடக்குற பலகை புதுசா வேணும்.' பாருங்க, எவ்வளவு சுத்தமா இருக்கு. ஒப்புதல்."

ஒத்தத்தோள் அதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தான். நடக்குற பலகை. நடப்பதற்கான பலகை. இதில் தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? வீட்டில் சொன்னபோது மனைவி நெற்றியைச் சுருக்கினாள்.

"யாரு நடக்குறதுன்னு இல்லையே?"

"பலகையில ஆளுதானடி நடக்கும்? பலகையா நடக்கும்?"

விழா, ஓடும் பட்டைக்குப் பக்கத்தில் ஏற்றப் பிரிவில் நடந்தது. தலைவர் வெள்ளை வெளேரென்று வந்தார். உட்கார்ந்தார். எழுந்தார். ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்கினார்.

"அன்பு உழைப்பாளர்களே! கடந்த ஆண்டைத் திரும்பிப் பார்க்கிறேன்." கழுத்தைத் திருப்பினார். அது தங்குதடையில்லாமல் திரும்பியது. "பார்த்துவிட்டேன். திருப்தியாக இருக்கிறது. சென்ற ஆண்டு இதே மேடையில் நான் கொடுத்த வாக்குறுதிகள் உங்களுக்கு மறந்திருக்கலாம். எனக்கும் மறந்துவிட்டன. மறதியில்கூட மேலோர் கீழோர் என்ற பேதம் பாராட்டாத ஒரே வாரியம் நம் வாரியம்தான்."

அளவாகக் கைதட்டினார்கள்.

"விபத்துகள் பற்றிக் கேட்கிறார்கள். சென்ற ஆண்டு ஒருவர் உற்சாக மிகுதியால் விழுந்தார். உடனடியாக உற்சாகத்தைக் குறைத்தோம். அதன் பிறகு எவரும் விழவில்லை. வரும் ஆண்டிலும் உங்கள் உற்சாகத்தைக் கட்டுக்குள் வைத்திருப்பேன் என்று உறுதி கூறுகிறேன். என்னைப் பற்றி நான் எதுவும் சொல்லிக்கொள்வதில்லை. நான் எதுவும் செய்ததில்லை என்பதை என் எதிரிகளே ஒப்புக்கொள்வார்கள்!"

கூடச் சேர்த்துச் சொல்ல வேண்டிய 'தவறு' என்ற சொல் பேச்சுத்தாளில் இருந்தது. காற்றில் பக்கம் புரண்டதில் தவறிவிட்டது. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

பிறகு ஒவ்வொருவராக மேடையேறினார்கள். மேஸ்திரி, வரும் ஆண்டு இந்த ஆண்டைப் போலவே இருக்கும் என்று நம்புவதாகச் சொன்னார். வானொலி, ஒரு வாக்கியத்துக்குள் முற்றுப்புள்ளியே வைக்காமல் பேசிக்கொண்டிருந்ததால் ஒலிவாங்கியைப் பிடுங்க வேண்டியதாயிற்று. ஒத்தத்தோள் ஏறினான். இடது தோள் ஒலிவாங்கியை இடித்தது. கீழ்நோக்கிய ஏற்றத்தைத் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தான். பிறகு மச்சினன் காலை நினைத்துக்கொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னான்.

"நடக்குற பலகை புதுசா வேணும்!"

தலைவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"நடக்கும் பலகை!" என்றார். குரல் தழுதழுத்தது. "கேட்டீர்களா? நம் பெயர்ப் பலகை நிற்கிறது. நின்றுகொண்டே இருக்கிறது. இந்த எளிய மனிதர் கேட்கிறார், எழுத்து ஏன் நிற்க வேண்டும், நடக்கட்டுமே என்று! இரவும் பகலும் ஒளிவிட்டபடி எழுத்துகள் வரிசையாக நடந்து செல்லும் விளக்குப் பலகை! இதே எண்ணம் எனக்கும் இருந்தது. அந்தத் தொழில் செய்கிற என் சம்பந்திக்கும் இருந்தது. இன்று உழைப்பாளியின் வாயிலிருந்தே வந்துவிட்டது!"

"ஐயா, எழுத்து நடக்க வேணாங்கய்யா, ஆளு..."

"ஒரு வாக்கியம்தான்," என்று அலுவலர் காதில் சொன்னார். ஒலிவாங்கி ஏற்கெனவே அணைந்திருந்தது.

அந்த ஆண்டின் சிறந்த முன்னோக்காளர் பரிசு ஒத்தத்தோளுக்குக் கிடைத்தது. லாரியின் பக்கவாட்டுக் கண்ணாடி ஒன்றைப் பீடத்தில் பொருத்தி, "பின்னோக்கு" என்று அதன்மேல் பொறித்திருந்தார்கள். அவன் அதை வாங்கிப் பார்த்தான். அதில் அவன் தோளும், தோளுக்குப் பின்னால் கைதட்டுகிற மேஸ்திரியும் தெரிந்தார்கள்.

மனைவி கண்ணாடியைப் பீடத்திலிருந்து கழற்றி, தம்பி முகம் மழிக்க வசதியாகக் குழாயடியில் மாட்டினாள். பீடத்தைக் கதவுக்கு முட்டுக்கொடுத்தாள். பிறகு ஒரு போர்வையை மடித்து அவன் கையில் கொடுத்தாள்.

"எதுக்கு?"

"கிடங்குல தரை சில்லுன்னு இருக்கும்."

சம்பந்தி சுறுசுறுப்பான ஆள். புது வருஷத்தின் முதல் வேலைநாளுக்குள் வாசலில் விளக்குப் பலகையை மாட்டிவிட்டார். சிவப்பு எழுத்துகள் வலப்புறம் தோன்றி, இடப்புறமாக நடந்து, சுவரோரம் போய் மறைந்தன. வாரியத்தின் பெயர் நீளமானதால், தொடக்கம் மறைந்த பிறகுதான் கடைசி வந்தது. எந்த இடம் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் நின்று காத்திருக்க வேண்டியிருந்தது.

அன்று காலை மச்சினன் காலை இழுத்தபடி வந்தான். ஒத்தத்தோள் அவனைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனபோது, கழிப்பறைச் சுவரில் ஏதோ சாய்ந்து நிற்பதைப் பார்த்தான். பழைய பெயர்ப் பலகை. தேக்கு. உள்ளங்கை தடிமன். வாரியத்தின் சொத்து.

அவனும் வானொலியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பயிற்சியில் பார்த்துக்கொண்டதைவிட நல்லாவே பார்த்துக்கொண்டார்கள்.

"மேஸ்திரி கேட்டா?" என்றான் வானொலி.

"வாரியத்துப் பலகையிலதானய்யா நடக்கச் சொன்னாரு? இதவிட வாரியத்துப் பலகை எங்க இருக்கு? பேரே எழுதியிருக்கு."

விரிசல் பலகையை உருவித் தள்ளிவிட்டு, பெயர்ப் பலகையை லாரியிலிருந்து தரைக்குச் சாய்த்தார்கள். மச்சினன் முதல் மூட்டையை வாங்கினான். ஒத்தத்தோள் கீழே நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். மச்சினன் 'நம்பிக்கையே'யில் கால் வைத்தான், 'நமது'வைக் கடந்தான், 'பாதை'யில் லேசாக வழுக்கி, சமாளித்து, தரைக்கு வந்தான். பலகை வாயே திறக்கவில்லை.

"கல்லு மாதிரி இருக்கு மாமா," என்றான். "பெயிண்டுதான் கொஞ்சம் வழுக்குது."

விளக்குப் பலகையைத் திறந்துவைக்க வந்த தலைவர், இரண்டு மடங்கு மூட்டை கையாண்ட பிரிவைப் பார்க்க ஆசைப்பட்டு அந்தப் பக்கம் வந்தது யாருமே எதிர்பாராதது. வாரிய வரலாற்றில் ஒரு தலைவர் இறக்கத்துக்கு வருவது அதுதான் முதல்முறை. கூட வந்த அலுவலர்தான் முதலில் பார்த்தார்.

"ஐயோ! வாரியத்தோட பேரை மிதிக்கிறீங்களா?"

எல்லாரும் மூட்டையோடு அப்படியப்படியே நின்றார்கள். மேஸ்திரி தான் இல்லாத மாதிரி நின்றார். ஒத்தத்தோளுக்குத் தெரிந்துவிட்டது. மச்சினன் வந்த முதல் நாளே வீட்டுக்குப் போகப் போகிறான், தன்னையும் கூட்டிக்கொண்டு.

தலைவர் பலகையை உற்றுப் பார்த்தார். மேலே மூட்டையோடு நின்ற ஆளைப் பார்த்தார்.

"நம்பிக்கையே நமது பாதை," என்று படித்தார். "இதன்மேல் நடக்கிறார்கள்." கொஞ்ச நேரம் யோசித்தார். கண் கலங்கியது. "நான் எத்தனை கூட்டத்தில் பேசியிருப்பேன், நம் கொள்கை வழி நடங்கள் என்று. ஒரு அதிகாரியாவது நடந்திருப்பானா? இவர்கள் நடக்கிறார்கள். அலுவலரே, புகைப்படக்காரரைக் கூப்பிடுங்கள். நானும் நடக்கிறேன்."

அவரைப் பின்பக்கத்திலிருந்து தூக்கி லாரிமேல் ஏற்றினார்கள். பஞ்சு திணித்த ஒரு மூட்டையைத் தேடிக் கொண்டுவந்து முதுகில் வைத்தார்கள். இரண்டு பக்கமும் ஆள் பிடிக்க, தலைவர் புன்னகைத்தபடி நடந்து இறங்கினார். புகைப்படக்காரருக்காக மறுபடி ஏறி மறுபடி இறங்கினார். பலகை தாங்கியது. அவ்வளவு நன்றாகத் தாங்கியதுதான் வினையாகப் போயிற்று.

"இது சாதாரணப் பலகை இல்லை," என்றார் மூச்சு வாங்கியபடி. "ஒரு தலைவர் நடந்த பலகை. இனிமேல் யார் காலும் இதில் படக் கூடாது. தலைமை அலுவலகக் கூடத்தில் கண்ணாடி போட்டு மாட்டுங்கள்."

நான்கு பேர் அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். முன்பு தள்ளிவிட்ட பழைய விரிசல் பலகை ஓரமாகக் கயிற்றுக்கட்டோடு கிடந்தது. மேஸ்திரி காலால் அதை லாரிப் பக்கம் நகர்த்தினார். மச்சினன் அதைப் பார்த்தான். குனிந்து காலைத் தடவிக்கொண்டான்.

ஒத்தத்தோள் வாயைத் திறந்தான். திறந்த வாயில் பலகை ஒடஞ்சிருக்கு என்ற பேச்சுத்தான் இருந்தது. அதை அப்படியே முழுங்கினான்.

"ஐயா," என்றான். "எனக்கு ஒரு நம்பிக்கைங்கய்யா."

அலுவலர் பதறினார். "வருஷக் கடைசியிலதான்..."

"சொல்லட்டும்," என்றார் தலைவர். "இவர் நடக்கும் பலகைக்காரர் அல்லவா?"

"இந்தப் பக்கத்துக்கு ஒரு பெயர்ப் பலகை இல்லீங்கய்யா. முன்பக்கத்துக்கு மட்டும் இருக்கு. நாங்களும் வாரியத்து ஆளுங்கதானே? தேக்குல, உள்ளங்கை தடிமனா, நல்ல நீளமா, ஐயா சொல்ற வாசகம் எழுதி இங்கயும் ஒண்ணு வச்சா, பாத்துப் பாத்து வேல செய்வோம்."

தலைவர் அவன் இடது தோளில் கை வைத்தார். அது இன்னும் கொஞ்சம் இறங்கியது. "பார்த்தீர்களா அலுவலரே? சம்பளம் கேட்கவில்லை, வசதி கேட்கவில்லை. வாசகம் கேட்கிறார்! இந்த வாரத்துக்குள் இங்கே பலகை இருக்க வேண்டும். வாசகம் என்ன தெரியுமா? 'நேற்று நமது பாடம். நாளை நமது நம்பிக்கை.'"

"ரொம்ப நல்லா இருக்குங்கய்யா," என்றான் ஒத்தத்தோள். "ஒரே ஒரு கொறை. வெறும் பெயிண்டுல எழுதினா எங்க மனசுல நிக்காது. வழுக்கிட்டுப் போயிடும். ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில ஒரு கோடு போடணுங்க. பெயிண்டுக் கோடு இல்ல, குறுக்கால மரச்சட்டமே வச்சு ஆணி அடிச்சு."

"அடிக்கோடு!" என்றார் தலைவர். "அழுத்தமாக அடிக்கோடு! எழுதிக்கொள்ளுங்கள்."

அலுவலர் எழுதிக்கொண்டார். வானொலி வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றும் பேசாமல், சுவர்ப் பக்கம் திரும்பி நின்றான். அவன் தோள்கள் குலுங்கின. அவன் அழுவதாக நினைத்துத் தலைவர் அவனையும் தட்டிக்கொடுத்தார்.

பலகை வரும் வரை ஒத்தத்தோள் மச்சினனை லாரிமேல் நிறுத்தி, மூட்டை எடுத்துக் கொடுக்கிற வேலையில் வைத்துக்கொண்டான். சொன்ன வாரத்திலேயே தேக்குப் பலகை வந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே கால்விரல் பதிகிற மாதிரி குறுக்குச் சட்டம். விழா, படம், அளவான கைதட்டல் எல்லாம் முடிந்து கார்கள் போனதும், சுவரிலிருந்து இறக்கி லாரிக்கும் தரைக்கும் சாய்த்தார்கள். பெரிய மனிதர்கள் யாரும் அந்தப் பக்கம் திரும்ப வரவில்லை. இறக்கத்துக்கு இரண்டு முறை வந்ததே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

பலகை மாறிய அன்று சாயங்காலம் ஒத்தத்தோள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மனைவி கேட்டாள்.

"பலகைய மாத்திட்டாங்களா?"

"மாத்தியாச்சு."

"எந்தப் பலகைய?"

"நம்ம பலகையத்தான். உன் தம்பிய வேணா கேளு."

மச்சினன் குழாயடிக் கண்ணாடியில் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் நின்ற அக்காவை அதிலேயே பார்த்துச் சொன்னான். "பூராவும் நடந்து பாத்துட்டேன் அக்கா. பயமில்ல."

"ஆட்டம் கீட்டம் இல்லையே?"

"'நேற்று' பக்கம் கெட்டியா உக்காந்திருக்கு. 'நாளை' பக்கம்தான் தரையில சரியா ஒட்டாம லேசா ஆடுது."

மனைவி ஒத்தத்தோளைப் பார்த்தாள். அவன் அவசரமாகச் சொன்னான்.

"ஒரு ஆப்பு வச்சா நின்னுடும். காலையில மொத வேலையா வச்சிடுறேன்."

அவள் கதவோரம் குனிந்து, முட்டுக்கொடுத்திருந்த பரிசுப் பீடத்தை எடுத்து, தடிமனைத் தடவிப் பார்த்து, அவன் கையில் கொடுத்தாள்.